கோணி ஊசியால் தைத்த உறை

என் மரப்பெட்டியின் அடியில் பச்சை வெல்வெட் உறை ஒன்று மடித்து வைத்திருக்கிறேன். தொலைக்காட்சிப் பெட்டிக்கென்று அளவெடுத்துத் தைத்தது. முன்பக்கம் தூக்கிப் போடும்படி ஒரு திரை, அதன்மேல் மஞ்சள் நூலால் பின்னிய மயில், ஓரமெல்லாம் வெள்ளைச் சரிகை. இத்தனை நேர்த்தியாகத் தைத்த அந்தத் திரையின் இரு பக்கமும், காப்பிக்கொட்டை மூட்டையின் வாயைத் தைக்கும் சணல் கோணல்மாணலாக ஏறி இறங்கி, வெல்வெட்டைச் சுருக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். மயிலைப் பின்னியதும் சணலை இழுத்ததும் ஒரே கைதான். எங்கள் எஸ்டேட் ரைட்டருடைய மனைவியின் கை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் கணவர் ஏற்காட்டில் அந்த எஸ்டேட் மருந்தகத்தின் கம்பவுண்டர். வெள்ளக்கடை செல்லும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஊழியர் குடியிருப்பு. எங்கள் வீட்டுக்கும் ரைட்டர் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். ஆட்களின் வருகையையும் பழம் பறிப்பையும் கணக்கெழுதும் ரைட்டர், விடியுமுன் புறப்பட்டால் இருட்டிய பின்தான் திரும்புவார். மானேஜர் பங்களாவுக்கு அடுத்தபடியாக அந்தச் சரிவில் டிஷ் ஏறிய கூரை அவருடையதே. சரஸ்வதி பூஜையன்று அந்த டிவிப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு மாலையும் சாத்தினார்கள். பகலெல்லாம் அது பேசிக்கொண்டே இருக்கும். ஒருநாள் நான் கேட்டதற்கு ரைட்டரின் மனைவி தையல் மிஷினை மிதித்தபடியே சொன்னாள்: “எங்கம்மா ஊட்டுல பேச்சுத்துணைக்கு ஆளிருக்குமுங்க. இங்க பனிதானுங்களேக்கா இருக்குது. இது பேசிட்டே இருந்தா நொம்ப தைரியமா இருக்குதுங்க.”

எஸ்டேட் பெண்களுக்கு ரவிக்கை தைப்பது அவள் வேலை. ஊசியும் கத்தரியும் கிடக்கும் இடத்தில் தவழும் குழந்தையை விடமுடியாது. ஆகவே உட்காரப் பழகிய நாள் முதலாகத் தன் பெண் குழந்தையை டிவி முன்னால் பாய் விரித்து உட்காரவைத்தாள். குழந்தை அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. “தங்கமாட்டம் புள்ள” என்று எல்லோரும் மெச்சினோம். அம்முணி என்று அழைத்தோம். மூன்று வயது முடியும்வரை அந்தத் தங்கம் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

இளமையிலிருந்தே பக்திப் பாடல்களைப் பாராயணம் செய்து வளர்ந்தவள் நான். அவற்றுள் பிள்ளைத்தமிழ் வகைமீது எனக்குத் தனிப் பிரியம். இறைவனையே குழந்தையாக்கி, பருவம் பருவமாக வைத்துப் பாடுவது அந்த மரபு. தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, முத்தம் தர அழைப்பது, ‘வருக’ என்று கைநீட்டி நடைபழக அழைப்பது, நிலவை விளையாட வரச்சொல்லும் அம்புலி. தெய்வத்தைப் பாடவந்த புலவர்கள் தம் வீட்டுப் பிள்ளையை உற்றுப் பார்த்திராவிட்டால் இப்பருவங்கள் அவர்களுக்கு வாய்த்திரா. நாளும் பாடிய எனக்கு ஒன்று மட்டும் மெதுவாக உறைத்தது. ஒவ்வொரு பருவத்திலும் எதிரே ஒரு முகம் இருக்கிறது. கொட்டும் கைக்கு எதிர்க்கை உண்டு. நிலவைச் சுட்டும் பிள்ளை, சுட்டிய கணமே திரும்பி, தாய் பார்க்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்க்கும். அம்முணி கைகொட்டவில்லை. எதையும் சுட்டவில்லை. திரும்பி யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுவருக்கு இப்பக்கம் நான் பாடிக்கொண்டிருப்பேன். அப்பக்கம் பெட்டி பேசிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு குழந்தையின் குரல் இல்லாத குறை, வாசிக்கும்போது விட்டுப்போன ஓர் அடியைப்போல என்னை உறுத்தும்.

என் கணவர் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் பித்தளைத் தட்டைத் தட்டிப் பார்த்தார். குழந்தை அசையவில்லை. காது மந்தமாக இருக்கலாம் என்றார். கம்பவுண்டர் வாக்கு அந்தக் குடியிருப்பில் வேதவாக்கு. சமவெளியில், காது கேளாத பிள்ளைகளைத் தங்கவைத்துப் பழக்கும் விடுதி ஒன்றை ரைட்டர் விசாரித்து வந்தார். சிறுவயதிலேயே கொண்டுவந்து விட்டால் சீக்கிரம் பழகிவிடும் என்று அங்கே சொன்னார்களாம். ஐப்பசியில் போவதென்று முடிவாயிற்று. அதன்பின் அவர் மனைவி தைத்த ரவிக்கைகளில் அளவு தப்பத் தொடங்கியது.

அந்த வாரத்தில்தான் நான் அதைக் கண்டேன். சமையலறையில் அவள் சோறு ஊட்ட, குழந்தை சுவரைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஒரு சோப்பு விளம்பரத்தின் மெட்டு மெல்லியதாக எழுந்தது. குழந்தை தாயின் கையைத் தட்டிவிட்டு ஓடியது. நான் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். “அப்பக் காது கேக்குது. மனுசக் குரலுதான் கேக்கல” என்றார். அன்று மாலையே ரைட்டரிடம் பேசினார். ரைட்டர் சிரித்துவிட்டார். “ஏனுங்கண்ணா, போன வாரம் செவுடுன்னீங்க, இந்த வாரம் இல்லைங்கறீங்க. எம்புள்ள என்ன உங்க மருந்துச் சீசாவுங்களா, லேபிளை மாத்தி மாத்தி ஒட்டறதுக்கு?” அந்தச் சிரிப்புக்குள் இருந்த பயம் எனக்குத் தெரிந்தது. முடிவெடுத்தவனுக்கு மறுபடி நம்பிக்கை தருவது கொடுமை.

புறப்பட வேண்டிய நாளுக்கு முன்பே மழை வந்தது. சரிவெங்கும் மரம் முறியும் ஓசை. சில்வர் ஓக் ஒன்று மின்கம்பியின்மேல் சாய்ந்து, குடியிருப்பு முழுதும் கரண்ட் போயிற்று. சேலம் சாலையில் கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து பஸ் நின்றது. ரைட்டர் அசைந்துகொடுக்கவில்லை. குப்பனூர் வழியாக இறங்கும் மாற்றுப்பாதை திறந்தவுடன் எஸ்டேட் ஜீப்பில் இறங்கிவிடுவதாகச் சொல்லிவைத்தார். ஆகவே அந்த மழை எங்களுக்கு விடுதலையாக இல்லை, தவணையாக இருந்தது.

பெட்டி இருண்டதும் குழந்தை வீறிட்டது. நான் அதுவரை கேட்டறியாத அழுகை. பசியின் அழுகை இல்லை, வலியின் அழுகையும் இல்லை. திரையில் நெற்றியை முட்டியது, பெட்டிக்குப் பின்னால் போய்த் தேடியது, சோற்றைத் துப்பியது. நான் மடியிலிட்டுச் சப்பாணிப் பாட்டைப் பாடினேன்; இத்தனை ஆண்டு தெய்வத்துக்குப் பாடிய குரல் ஒரு பிள்ளையைத் தொடாதா என்ற எண்ணம் எனக்கு. அது என் கையைக் கடித்துவிட்டு இறங்கி ஓடியது. அதன் தாய் ஜன்னலோரம் மிஷினை இழுத்துப்போட்டு, முந்தானையால் காதை இறுக்கிக் கட்டிக்கொண்டு மிதித்தாள். “ஜீப்பு வந்தா வரட்டுங்கக்கா. அங்க போயாச்சும் அழுகாம இருக்கட்டும்” என்றாள்.

பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. அழுது களைத்த குழந்தை மிஷின் அருகே சுருண்டு கிடந்தது. அவள் ஒரு தையலை முடித்து, வழக்கம்போல் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ‘டக்’ என்று சிறு ஓசை. குழந்தை தலை தூக்கியது. அவள் கவனிக்கவில்லை. அடுத்த தையல், மறுபடி ‘டக்’. குழந்தை எழுந்து வந்து, அவள் வாயையே பார்த்தது. ஒரு விரலை நீட்டி அவள் உதட்டைத் தொட்டது. அவள் மிதிப்பதை நிறுத்தினாள். பிறகு, தைக்காத நூலொன்றை எடுத்து வெறுமனே கடித்தாள். குழந்தையின் வாயும் அவ்வாறே அசைந்தது. அன்று அவள் கடித்துப் போட்ட நூல்துண்டுகள் மிஷினைச் சுற்றிக் குவிந்து கிடந்தன. ஒரு ரவிக்கையும் முடியவில்லை.

மறுநாள் அந்தியில் மழை விட்டது. பனி விலகிய இடைவெளியில், கிளியூர்ப் பக்கத்து மேட்டின்மேல் நிலவு ஏறியது. வாசலில் இடுப்பில் குழந்தையோடு அவள் நின்றாள். நான் சுவரோரம் நின்றேன். அம்முணியின் கை மேலே போயிற்று. விரல் நீண்டது. “ஆ” என்றது. இன்னும் ஒன்று பாக்கி, இன்னும் ஒன்று என்று மனம் முருகனிடம் மன்றாடியது. குழந்தையின் முகம் நிலவிலிருந்து மெல்லத் தாயின் முகத்தை நோக்கித் திரும்பத் தொடங்கிய அந்தக் கணத்தில் கரண்ட் வந்தது.

வீட்டுக்குள் பெட்டி வாய்விட்டு அலறியது. மழைக்கு முன் அணைக்காமல் விட்ட சுவிட்ச். திரும்பிய முகம் பாதியில் நின்று அந்தப் பக்கம் பாய்ந்தது. உடலெல்லாம் துள்ள, இடுப்பிலிருந்து நழுவி ஓடப் பார்த்தது. அவள் குழந்தையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். பெட்டி வாயடைத்தது. குழந்தை என் தோளைப் பிறாண்டிக் கதற, நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். ரைட்டர் காப்பிச் சாக்குகளுக்காக வைத்திருந்த கோணி ஊசியில் சணலைக் கோத்து, தானே மயில் பின்னிய திரையை இழுத்து இறக்கி, வெல்வெட்டைக் குத்திக் குத்தித் தைத்துக்கொண்டிருந்தாள். கயிற்றின் நுனியை மேசைக்காலோடு சேர்த்து முடிந்தாள். அந்த அவசரத்தில் உள்ளங்கையில் ஊசி ஏறியதை அவள் உணரவில்லை.

காலையில் குப்பனூர் வழி திறந்தது. வாசலில் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. வழியனுப்ப நானும் போயிருந்தேன். முன்னிரவில் களைத்து வந்து படுத்த ரைட்டர், சட்டையை மாட்டும்போதுதான் பெட்டியைக் கண்டார்.

“ஏம்புள்ள, உனக்கென்ன கிறுக்கா? டிவிய மூட்டை கட்டி வெச்சிருக்கிற. சந்தைக்கா கொண்டுபோற?”

“ஆமாங்க. புள்ளைக்குப் பதிலா இதை அனுப்பிப்போட்டேன்னு நெனச்சுக்குங்க.”

“தள்ளு. நேரமாச்சு. அம்முணி, அப்பாகிட்ட வா சாமி.”

குழந்தை தரையில் நூல்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. திரும்பவில்லை. அவர் மீண்டும் கூப்பிட்டார், குரல் உயர்ந்தது. திரும்பவில்லை. ‘பார்த்தீங்களா’ என்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். அப்போது அவள், மூலையில் நின்றபடியே, சத்தம் உயர்த்தாமல், “கண்ணு” என்றாள். குழந்தை திரும்பியது. கையிலிருந்த நூலை வாயில் வைத்து, கடித்து, தாயின் முகத்தைப் பார்த்துச் சிரித்தது.

ரைட்டர் ஒரு சட்டைப் பித்தானைப் பாதி போட்டபடி நின்றார். தன் குரல் தன் பிள்ளைக்கு இன்னும் ஓர் ஓசையாகக்கூட ஆகவில்லை என்பது அவருக்கு அங்கேதான் புரிந்திருக்க வேண்டும். “ஜீப்பைத் திருப்பி அனுப்பிட்டு வாரன்” என்று மட்டும் சொல்லி இறங்கினார். வெகுநேரம் கழித்தே உள்ளே வந்தார்.

டிவி ஒன்றுதான் காரணமென்று தீர்ப்புச் சொல்ல நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பின்னர் சேலத்தில் பரிசோதித்ததில் காதில் குறையேதும் இல்லை என்றார்கள். சொற்கள் வரிசைகட்டி வந்துவிடவில்லை. ஒவ்வொன்றாக, இழுபறியாக வந்தன. ‘அப்பா’ கடைசியாகத்தான் வந்தது. அதற்காக ரைட்டர் மாலைகளில் சீக்கிரம் திரும்பி, கூச்சத்தோடு கைகொட்டி விளையாடியதைச் சுவருக்கு இப்பக்கமிருந்து கேட்டிருக்கிறேன். அம்முணி பள்ளியில் நிலைத்த பின் ஒரு தீபாவளிக்கு மேசைக்காலின் முடிச்சை அறுத்து உறையை உருவினார்கள். தையலை யாரும் பிரிக்கவில்லை. ஊரைவிட்டு அவர்கள் இறங்கியபோது அவள் அதை என்னிடம் தந்து, “இது அங்க வேண்டாமுங்கக்கா. அவ கேப்பா” என்றாள்.

சென்ற மாதம் அம்முணி வந்தாள். கோயம்புத்தூரில் வேலை, கையில் ஒரு வயதுக் குழந்தை. குளிருக்குக் கம்பளி எடுக்க மரப்பெட்டியைத் திறந்தபோது உறை வெளியே வந்தது. “இவ்வளவு அழகாத் தெச்சுப்போட்டு, யாருங்க பெரியம்மா இதைக் கெடுத்தது?” என்றாள். கேட்கிறாளே என்று சொன்னேன். நான் சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம், தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்த அவள் போன் பாடிக்கொண்டிருந்தது. அவள் ஊட்ட ஊட்ட, குழந்தை ஒளியைப் பார்த்தபடியே வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் முடித்தபின் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். குழந்தையின் பெயரைச் சொல்லி அழைத்தாள். மறுபடி அழைத்தாள். தன் தாயைப்போலவே, சத்தம் உயர்த்தாமல், “கண்ணு” என்றாள்.

குழந்தை திரும்பவில்லை.

“பெரியம்மா,” என்றாள், சிரிப்பதற்கு முயன்றுகொண்டு. “ஊட்டுல கோணி ஊசி இருக்குதுங்களா?” பதிலுக்குக் காத்திராமல் பச்சை உறையை எடுத்துப் போனின்மேல் போட்டாள். மயில் மேலாக விழுந்தது. குழந்தை வீறிட்டது, எனக்குத் தெரிந்த அதே வீறல். அவள் கை உறையை எடுக்கப் போயிற்று, பாதியில் நின்றது. பிறகு அந்தக் கை, சணல் தையலின் ஓரத்தை இறுகப் பற்றி, உறையை நழுவாமல் அழுத்திக்கொண்டது.