ஹேண்ட்பிரேக் கேபிளும் இரண்டு குத்துகளும்

இன்று அடையாறில் ஒரு மெக்கானிக் என்னால் அடி வாங்கினார்.

என் பழைய காருக்கு ஹேண்ட்பிரேக் கேபிள் இப்போது கிடைப்பதில்லை. மெக்கானிக் பாஷா பாய் வேறொரு காரின் கேபிளை நுனி மாற்றிப் பொருத்தினார். "கொஞ்சம் நீளமா கீது சார். நாளைக்கு வெட்டித் தரேன். அதுவரைக்கும் சரிவுல மட்டும் நிறுத்தாதீங்க."

நான் அவர் கடைக்கு எதிரே இருந்த சரிவிலேயே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். கார் தானாக உருண்டு, கீழே நின்ற ஆட்டோவை நசுக்கியது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.

பாய் அந்தக் காரில் வேலை செய்ததை ஆட்டோக்காரர் பார்த்திருந்தார். நேராகப் போய் பாயின் சட்டையைப் பிடித்தார்.

"இன்னாய்யா வேல பாத்துக்கீற நீ?"

மூக்கில் ஒரு குத்து. ரத்தம் வழிந்தது. பாய் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை.

இன்னொரு குத்து. பாய் ஷட்டரில் மோதி விழுந்தார். ஆட்டோக்காரர் ஜாக்கி கம்பியை ஓங்கினார்.

அப்போதுதான் கத்தினேன். "அவர் வேணாம்னுதான் சொன்னார்! நான்தான் நிறுத்தினேன்!"

கம்பியைப் போட்டுவிட்டு வந்து எனக்கு ஓர் அறை விட்டார். காது இன்னும் இரைகிறது.

பாய் மூக்கைத் துணியால் அழுத்தியபடி கேட்டார்: "மொதோ குத்துலயே சொல்லிருக்கலாம்ல சார்?"

 இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் கமெண்டில் போடுங்கள். பாயிடம் காட்டுகிறேன்.