உரக்கச் சொன்ன எடை

என் அண்ணனுக்கு மனிதர்கள்மேல் நம்பிக்கை கிடையாது, தராசுமேல்தான் உண்டு. கடை கடையாகப் போய்த் தராசுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். எடைக்கல்லைத் தட்டில் வைப்பார். எண் ஆடாமல் நிற்கும் வரை காத்திருப்பார். பிறகு கடைக்காரருக்கும் வாங்க வந்தவருக்கும் ஒன்றாகக் கேட்கும்படி உரக்கச் சொல்வார். "சத்தமா சொல்லாத எடை திருட்டு எடை" என்பார். சந்தையில் அந்தக் குரலுக்கு நல்ல மரியாதை. வீட்டுக்குள் வந்தபோதுதான் அது குடியைக் கெடுத்தது.

அவர் மகளுக்குப் பத்து வயது. வயதுக்கு எடை கூடுதல் என்று பள்ளியில் சொன்னதால் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். மாடிவீட்டில் குடியிருக்கும் நானும் கூடப் போனேன். இந்தக் குடும்பத்தில் காது கேட்கிறவள் ஒருத்தியாவது வேண்டுமே. டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"பிள்ளைக்குன்னு தனிச் சாப்பாடு வேண்டாம். வீட்டுல எல்லாருமே மாத்திக்குங்க. சோடாவும் பொரிச்சதும் உள்ளயே வர வேண்டாம். சாயங்காலம் ஓடி விளையாடட்டும். எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுங்க. எடையை நாங்க பாத்துக்குறோம், நீங்க அவகிட்ட அந்தப் பேச்சையே எடுக்காதீங்க."

இத்தனையிலும் அண்ணன் காதில் விழுந்தது எடை என்ற ஒரே சொல். "எடைன்னு வந்துட்டா நான் சும்மா இருப்பனா?" என்று மறுநாளே பட்டறையிலிருந்து ஒரு தராசைத் தூக்கிவந்து சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் போட்டார். மூட்டை நிறுக்கிற தராசு. காலையில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அவள் அதில் ஏற வேண்டும். அண்ணன் குனிந்து பார்ப்பார், நிமிர்வார், சந்தையில் சொல்வதுபோலவே சொல்வார். ஜன்னல் திறந்திருந்தால் எதிர்வீட்டுக்கும் கேட்கும். அவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. நேர்மையாக நடந்துகொள்கிறோம் என்றுதான் நினைத்தார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

தட்டுகளைச் சொல்ல வேண்டும். அவள் தட்டில் வேகவைத்த காய். அவள் தம்பி ஒல்லிக்குச்சி, அவன் தட்டில் பொரித்த கோழி. அண்ணன் தட்டில் அதைவிடப் பெரிய துண்டு. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. அண்ணி வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

"ஏன்ணா, டாக்டர் எல்லாருக்கும்தானே சொன்னாங்க?"

"நான் நாள் முழுக்க இரும்பு தூக்குறவன். எனக்கென்ன?"

"அப்ப நீங்களும் ஏறுங்க. நான் சத்தமா சொல்றேன்."

"தங்கச்சின்னா தங்கச்சி மாதிரி இரு" என்றார். ஊருக்குத்தான் உபதேசம்.

தம்பிப் பயல் சும்மா இருப்பானா? எண்ணை மனப்பாடம் செய்து கீழே விளையாடும் பிள்ளைகளிடம் பாட்டாகவே பாடிவிட்டான். அதற்குப்பின் அவள் பேர் போய் அந்த எண்ணே பேராகிவிட்டது. அவள் விளையாடப் போவதை நிறுத்தினாள். கொஞ்ச நாளில் அண்ணி படுக்கையை உதறும்போது தலையணை உறைக்குள்ளிருந்து பிஸ்கட் காகிதங்கள் கொட்டின. "திருட்டுத்தனம் வேறயா?" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் நான் மாடியிலிருந்து ஓடிவந்தேன். அவளைத் தனியே கூட்டிப்போய்க் கேட்டேன்.

"அப்பா பாக்குறப்ப தொண்டையில இறங்க மாட்டேங்குது அத்தை."

போய் அண்ணனிடம் சொன்னேன். "நடிப்பு" என்றார்.

அடுத்தமுறை மருத்துவமனையில் டாக்டர் அவளைத் தராசில் ஏறச் சொன்னார். ஏறியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். டாக்டர் எதுவும் சொல்லாமல் எண்ணைக் குறித்துக்கொண்டார். அவள் தோளைத் தொட்டு இறக்கினார். பிறகு எங்களைப் பார்த்து, "வீட்டுல யாரு எடை பாக்குறது?" என்றார். அண்ணி அழுதாள். அண்ணன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே தராசு பட்டறைக்குத் திரும்பியது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். ஆனாலும் குறை சொல்லக் கூடாது, செய்தார். பொரிக்கிற சட்டி பரணுக்குப் போனது. தம்பிப் பயல் சோடா கேட்டுத் தரையில் புரண்டபோதும் அண்ணன் மசியவில்லை. எல்லோருக்கும் ஒரே சமையல். சாயங்காலம் அண்ணியும் அவளும் நடக்கப் போகிறார்கள், வரும்போது சிரிப்புச் சத்தம் கேட்கிறது. போன முறை டாக்டர், "நல்லா வருது, இப்படியே போகட்டும்" என்றார். எவ்வளவு என்று அண்ணன் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் திரும்பவில்லை. அப்பா மேஜையில் இருந்தால் அவள் சாப்பிடுவதில்லை. அடம் இல்லை, கோபம் இல்லை. கை தட்டுக்குப் போகாது, அவ்வளவுதான். கொஞ்சிப் பார்த்தார், மன்னிப்புக்கூடக் கேட்டார். "சரிப்பா" என்றாள், சாப்பிடவில்லை. அதனால் இப்போது அண்ணன் தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். அவரைத் தாண்டித்தான் நான் ஏறி இறங்க வேண்டும்.

நேற்று கீழே இறங்கும்போது அவர் முதல் வாயை எடுத்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

"அத்தை, நீங்களா? அப்பா போயிட்டாரா?"

அண்ணன் கை வாய்க்குப் போகாமல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"போயிட்டாருன்னு சொல்லு" என்றார்.