இரண்டாவது ஆணி

எனக்கு வயது எண்பத்தாறு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒரு பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்தேன். அது நான் பெற்ற பிள்ளை இல்லை.

எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும். நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

ஐம்பதுகளில் பொத்தோங் பாசிர் பக்கம், ஆற்றை ஒட்டின கம்பத்தில் இருந்தோம், கிராமம் மாதிரிக் குடியிருப்பு. அத்தாப்பு ஓலைக் கூரை, மண் தரை. பாதிப் பேர் மாடு வைத்துத் தேக்காச் சந்தைக்குப் பால் கொண்டுபோகிறவர்கள். மேலே மழையும் கீழே கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் ஆறு வீட்டுக்குள் வந்துவிடும். அது வருஷா வருஷம் நடப்பது.

என் வீடுதான் ஆற்றுக்குக் கிட்டே. கரையில் நின்ற தென்னையில் தண்ணீர் ஏறுவதைப் பார்க்க என் வீட்டுக்காரர் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று ஆணி அடித்திருந்தார். இரண்டாவது ஆணி நனைந்தால் நான் மண்ணெண்ணெய் டின்னை எடுத்துத் தட்ட வேண்டும். மேட்டு மாட்டுக்கொட்டகையில் வேலை செய்கிற பெண்கள் அந்தச் சத்தத்துக்கு ஓடி வருவார்கள். பிள்ளைகள் ஆற்றுப் பக்கம் போய்விடக் கூடாதென்று வெளியே தாழ் போட்டுவிட்டுத்தான் எல்லோரும் வேலைக்குப் போவது.

ஒரு தடவை தட்டினேன், வெள்ளம் வரவில்லை. ஆணி நனைந்தது, தண்ணீர் அப்படியே இறங்கிவிட்டது. ஓடி வந்த அவசரத்தில் பக்கத்து வீட்டுப் பாக்கியம் ஒரு குடம் பாலைக் கொட்டிவிட்டாள். மறுநாள் குழாயடியில் அவள் சொன்னாள்:

"செல்லம்மாக்கா தட்டுனா வெள்ளம் வராதுலா, காக்காதான் வரும். பேசாம கோயிலுக்கு மேளம் அடிக்கப் போங்கக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியம் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்குத்தான் உள்ளே போய்த் தைத்தது. நான் ஒருத்தரிடமும் பேச்சு வாங்காதவள்... அந்தப் பெருமையைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் வைக்கிறேன்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம். விடியலிலிருந்து மழை. இரண்டாவது ஆணி நனைந்தது. கையில் கட்டையை எடுத்தேன். டின் காலடியில் இருந்தது.

தட்டவில்லை.

மூன்றாவது ஆணியும் நனையட்டும், அப்புறம் தட்டுவோம், அப்போது சிரிக்கிறார்களா பார்ப்போம் என்று நின்றேன். வெள்ளம் வர வேண்டும் என்று நின்றேன். இப்படி ஒருத்தி நிற்பாளா? நின்றேனே...

உலை வைத்துச் சோறு வடிக்கிற அளவுக்கு நேரம் இருந்தது. பாக்கியத்தின் மகள் ராணி, நாலு வயசு, தாழ் போட்ட வீட்டுக்குள் தூங்குவது எனக்குத் தெரியும். மூன்றாவது ஆணி நனைந்தபோது எங்கள் மாடு கத்திற்று. இடுப்பில் என் கைக்குழந்தை, கையில் மாட்டுக் கயிறு. மேட்டுக்கு ஏற்றிவிட்டு வந்து தட்டலாம் என்று போனேன்.

திரும்பும்போது தண்ணீர் மார்பளவு. டின் மிதந்து போய்க்கொண்டிருந்தது. பாக்கியம் வீட்டுத் தாழ் தண்ணீருக்கு அடியில் இருந்தது. தடவித் தடவித் திறந்தேன்.

அதற்கு மேல் எழுத வரவில்லை.

"டின்னு சத்தம் கேக்கவே இல்லையேக்கா?" என்றாள் பாக்கியம். அழவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

"தட்ட எங்கடி நேரம்? ஒரே மூச்சா வந்துடுச்சு."

நம்பிவிட்டாள். கம்பமே நம்பிவிட்டது. அந்த வருஷத்து வெள்ளத்துக்கு 'ஒரே மூச்சில் வந்த வெள்ளம்' என்றே பெயர் ஆகிவிட்டது. போன வாரம் என் பேத்தி கவிதா பள்ளிக்கூட வேலை என்று அந்த ஆற்று வெள்ளங்களைப் பற்றிக் கேட்டாள். அவளிடமும் அதையே சொன்னேன். அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டாள். என் பொய்க்கு இனி வயதாகாது.

பாக்கியம் இப்போது தோ பாயோவில் இருக்கிறாள். கண் போய்விட்டது, காது கேட்கிறது. அறுபது வருஷத்துக்கு மேலாக அவள் எந்தக் கதவுக்கும் தாழ் போட்டதில்லை. "நான் போட்ட தாழ்தானேக்கா" என்பாள், ஒவ்வொரு தீபாவளிக்கும், என் கையைப் பிடித்துக்கொண்டு. "நீங்களாவது வந்து திறந்தீங்க" என்பாள். நான் அவள் கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. என்ன முகத்தோடு கேட்பேன்? அவள் சுமக்கிற அந்தத் தாழின் பழி என்னுடையது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தபின் அவள் என் கையை விட்டுவிடுவாள்.

நாளைக்கு இந்தத் தாளோடு அவளிடம் போக வேண்டும். கவிதா, இங்கே வந்து உட்காரு. பாக்கியத்துக்கு நீ வாசிக்கிறதுக்கு முன்னால் எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு. இரண்டாவது ஆணி வருகிற இடத்தில் நான் போதும் என்பேன், தாளைப் பிடுங்கக்கூடப் பார்ப்பேன். கொடுக்காதே. நிறுத்தாமல் வாசி.