என்னை வாசித்த பொடியன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கல்முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் வேலை செய்துகொண்டே, ரேஸ் நடக்கும் ஊர்களுக்கு பஸ்ஸில் போய் ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கினேன். இப்போது அதுதான் என் தொழில். ஓட்டக்காரர்களிடம் கேள்வி கேட்க எனக்குக் கூச்சம். வேலியோரம் நின்று பார்த்ததை எழுதி அனுப்புவேன். அதை யார் வாசிக்கிறார்கள் என்று விசாரித்ததே இல்லை. என் வீட்டில் அந்தப் பக்கத்தை விரித்துத்தான் மரக்கறி வெட்டுவார்கள்.

பெருநாள் பின்னேரங்களில் எங்கள் பொடியன்மார் கடற்கரை வீதியில் பைக் ஓட்டுவார்கள். புது உடுப்பு, சைலன்சர் கழற்றிய பைக், இரண்டு பக்கமும் ஐஸ்கிறீமோடு சனம். ஊரில் அதற்கும் ரேஸ் என்றுதான் பேர். இந்த நோன்புப் பெருநாளில் ஒருவன் வளைவில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான்.

சில நாளில் பள்ளிவாசல் நிருவாகம் என்னைக் கூப்பிட்டது. அஸர் தொழுகை முடிந்து பாயில் உட்கார்ந்தோம்.

"தம்பி, ஒங்கள ஏசக் கூப்பிடல்ல" என்றார் தலைவர். "பொடியன்மாரு எங்கட சொல்லுக் கேக்கிறானுகள் இல்ல. நீங்க ரேஸப் பத்தி எழுதுற ஆள், ஒங்கட சொல்லுக் கேப்பானுகள். வாற ஜும்ஆ முடிய ரெண்டு வார்த்த கதைங்க."

"இவர் கதைக்கிறயா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். "இவர்ட நிக்காஹ்வுலயே 'சம்மதம்' எண்டு கபூல் சொன்னது இவர்ட மூத்த காக்காவாத்தான் இருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். விழுந்த பொடியனின் வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் சைக்கிளில் மீன் விற்பவர்.

"என்ட மகன் ஸ்கூல் புத்தகத்தத் தொடமாட்டான்" என்றார். "ஒங்கட பேப்பர மட்டும் ஒரு எழுத்து விடாம வாசிப்பான். வளைவுல பிறேக்கத் தொடுறவன் ரெண்டாமாள்தான் எண்டு நீங்க எழுதினயாம். அதச் சொல்லிச் சொல்லித்தான் ஓடினான்."

எழுதினேன்தான். செம்மண் பாதையில் வென்ற ஒருவனைப் பற்றிய வரி அது. தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வரிக்காக நான் வெட்கப்படுவதாக எல்லோரும் நினைத்திருப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னை ஒரு எழுத்து விடாமல் வாசிக்க ஒருவன் இருக்கிறான்! அவன் காலில் கம்பி வைத்துப் படுக்கையில் கிடக்கிறான், நான் சந்தோஷப்படுகிறேன். முகம் சுட்டது அதற்குப் பிறகுதான்.

"வெள்ளிக்கிழம கதைப்பீங்கதானே?" என்றார் அவர்.

"கதைக்கிறன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மைக்கைக் கையில் தந்தார்கள். ஸலாம் சொன்னேன். "பொடியன்மாரே, ஹெல்மட்..." என்றேன். மிச்சம் வரவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "காக்கா, அடுத்த ரேஸ் எங்க?" பள்ளிவாசல் என்றும் பாராமல் சிரிப்பு. நான் உட்கார்ந்துவிட்டேன். தலைவர் மைக்கை வாங்கி ஸலவாத்தோடு முடித்தார்.

வாயால் முடியாததை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த ரேஸில் கடைசி வளைவில் பிறேக்கே பிடிக்காமல் உள்ளால் புகுந்து ஒருவன் வென்றான். என் கை அதைத்தான் எழுதத் துடித்தது. அதை விட்டுவிட்டு, வேகத்தைக் குறைத்து, விழாமல் வந்து சேர்ந்த இரண்டாமவனைப் பற்றி எழுதினேன். அவன் செய்தது புத்தியான காரியம் என்றும், வீதியில் ஓடுபவர்கள் அதைப் பார்த்துப் பழக வேண்டும் என்றும் சேர்த்தேன்.

பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டார். "என்ன காக்கா, இந்தக் கிழமை உப்பே இல்லையே? அந்தப் புத்திமதிய வெட்டிட்டன். வெண்டவனப் பத்தி ஒங்கட பாணியில நானே நாலு வரி போட்டிருக்கன். சரிதானே?"

போடாதீர்கள் என்று சொல்ல வேண்டும்.

"ஓம்" என்றேன்.

பத்திரிகை வந்த அன்று கடையடியில் மீன்காரரைக் கண்டேன். ஒதுங்கப் பார்த்தேன், அவர் கண்டுவிட்டார். கையில் பத்திரிகை, இன்னும் விரிக்காத மடிப்போடு.

"மகன் கேட்டான், வாங்கிப் போறன்" என்றார். "அண்டைக்கு ஒங்களுக்குக் கதைக்க ஏலாமப் போயிட்டு, பரவாயில்ல. எல்லாருக்கும் மைக் சரிவராதுதானே. இதுல எழுதியிருக்கீங்களா, அவனுக்கு உறைக்கிற மாதிரி?"

"ஓம்" என்றேன், திரும்பவும்.

"அல்லாஹ் ஒங்களுக்கு நல்ல கூலியத் தருவான்" என்றார். மீன் பெட்டியில் வைத்தால் நனைந்துவிடும் என்று பத்திரிகையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, சைக்கிளை மிதித்துப் போனார்.