மூன்றாவது அம்மி

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன், மலாய் நாட்டு ஜார்ஜ் டவுன் சந்தையில் என் பெரியம்மா அரைத்த மசாலா விற்றார். அந்த வியாபாரத்தில் யாரும் இவ்வளவு மிளகாய், இவ்வளவு மல்லி என்று கேட்பதில்லை. "இன்னிக்கு என்ன குழம்பு, எத்தனை பேரு?" என்று பெரியம்மாதான் கேட்பார். மலாய்க்காரரோ சீனரோ தமிழரோ, பதிலைச் சொல்லிவிட்டு நிற்க வேண்டியதுதான். அரைத்து வைத்த குவியல்களிலிருந்து விரலால் வழித்து வாழையிலையில் மடித்துக் கொடுப்பார். அந்தக் குழம்பு பிசகியதாக யாரும் வந்து சண்டை போட்டதில்லை.

கடையில் மூன்று அம்மிகள். இரண்டில் எல்லாம் அரைபடும், கூனி இறாலைப் புளிக்கவைத்து இடித்த பெலாச்சான் உட்பட. அது இல்லாவிட்டால் பாதி ஊருக்குச் சோறு இறங்காது. மூன்றாவது அம்மியில் மட்டும் கவிச்சி படக்கூடாது. கோயில் மடப்பள்ளிக்கும் விரதக்காரர்களுக்கும் சைவ வீடுகளுக்கும் அரைக்க அது. மாதத்தில் பாதி நாள் சும்மாவே கிடக்கும். "ஒரு கல்லுக்குப் பென்ஷன் குடுத்து வச்சிருக்கா உங்க பெரியம்மா" என்பார் பெரியப்பா. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அந்த வயதில் நான் பெரியப்பா கட்சி.

அந்த வருடம் எதிரே ஒரு பெரிய மசாலாக் கடை முளைத்தது. கூலிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அரைத்துத் தள்ளினார்கள். எங்கள் வாடிக்கை கரையத் தொடங்கியது. இப்படியே போனால் தீபாவளிக்குள் கடையைக் கட்டிவிட்டு, சுங்கை பாக்காப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டத்தான் போகவேண்டும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். தோட்டத்தில் அட்டை கடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால், அந்தப் பேச்சு வந்தாலே நான் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சீனக் கல்யாண வீட்டிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. மதியத்துக்குள் மசாலா வேண்டும். பெரியம்மாவோ ஒரு பிரசவத்துக்காக ஜெலுத்தோங் போயிருந்தார். இரண்டு அம்மிகள் போதவில்லை. பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். நிறைய யோசிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. மூன்றாவது அம்மியில் பெலாச்சானை வைத்து, ஒத்தாசைக்கு வந்த அத்தையை அரைக்கச் சொல்லிவிட்டார். சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு புளியும் சாம்பலும் போட்டு அம்மியைத் தேய்தேய் என்று தேய்த்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சைவ மசாலாவுக்கு ஆட்கள் வந்து நின்றார்கள். பெரியம்மா அம்மியில் மஞ்சளை வைக்கக் குனிந்தவர், வாடை தட்டி அப்படியே நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தார்.

"நல்லா கழுவியாச்சு லா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் பெரியப்பா.

"நம்ம கைய நம்பித்தாங்க அவங்க அடுப்பையே பத்தவைக்கிறாங்க. அதக் கெடுத்துட்டு எதுக்குங்க இந்தக் கடை?"

பிறகு பெரியம்மா என் பக்கம் திரும்பினார். என் தொண்டைக்கு வீட்டில் கப்பல் சங்கு என்று பெயர். "நீ சத்தமா சொல்லு. தமிழ்லயும் சொல்லு, மலாய்லயும் சொல்லு" என்றார்.

பெட்டி மேல் ஏறி நின்றேன். "எங்க சைவ அம்மில பெலாச்சான் பட்டுருச்சு! புதுக் கல்லு வர்ற வரைக்கும் சைவ மசாலா கெடையாது!" என்று சந்தையின் கோடிவரை கேட்கும்படி கத்தினேன். கத்தச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் கத்தாது? எதிர்க்கடையில் எல்லாரும் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு முகம் எரிந்தது. பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கோப்பிக் கடைக்குப் போய்விட்டார். நின்றிருந்தவர்கள் கலைந்து போனார்கள். பெரியம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

புதுக் கல் வந்து, அதைக் கொத்தி, அரிசி அரைத்துப் பழக்கி எடுப்பதற்குள் வெகுநாள் ஆகிவிட்டது. அதுவரை ஈ ஓட்டினோம்.

தீபாவளி நெருங்கும்போது சீனர்களின் ஒன்பது நாள் விரதம் வந்தது. அந்த நாட்களில் விரதக்காரர்கள் வெள்ளை உடுத்திக்கொள்வார்கள். மீன் இறைச்சி மட்டுமல்ல, பூண்டு வெங்காயத்தைக்கூடத் தொடமாட்டார்கள். முதல் நாள் காலை, வெள்ளை உடையில் ஒரு சீனப் பாட்டி ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினார். எதிர்க்கடைக்காரர் கூப்பிடக் கூப்பிடக் காதில் வாங்காமல் நேரே எங்களிடம் வந்து, "புதுக் கல் எது?" என்று மலாயில் கேட்டார். பெரியம்மா காட்டினார். தன் வீட்டுக்கு மட்டுமல்ல, தன் தெருவுக்கே அதில் அரைத்துக் கொடுக்க வேண்டும் என்றார்.

மறுநாள் அந்தத் தெருவின் பக்கத்துத் தெருவும் வந்தது. அடேயப்பா, என்ன கூட்டம்! என் அம்மாவும் அத்தையும் வந்து மாற்றி மாற்றி அரைத்தார்கள். பெரியப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் குழவியைப் பிடித்துக்கொண்டு, "சைவ அம்மி! சுத்த சைவ அம்மி!" என்று எதிர்க்கடையைப் பார்த்தே முழங்கினார். கல்லை வாங்கியதே தான்தான் என்பதுபோல் இருந்தது அவர் தோரணை. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. விரதம் முடிந்ததும் அதே கூட்டம் பெலாச்சான் மசாலாவுக்கும் எங்களிடமே வந்தது. ஜப்பான்காரன் சண்டைக்காலத்தையும் தாண்டி, என் பிள்ளைகள் பிறந்த பிறகும் அந்தக் கடை அதே இடத்தில் நடந்தது.

விரதத்தின் கடைசி நாள் வீட்டுக்கு நடந்து வரும்போது பெரியம்மாவிடம் கேட்டேன். "அந்தச் சீனப் பாட்டிக்கு நம்ம புதுக் கல்லப் பத்தி யாரு பெரியம்மா சொன்னா?"

"நீதாண்டி சொன்னே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பாட்டியை அதற்கு முன் நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சாமி சத்தியமாக நான் சொல்லவில்லை என்று நடுத்தெருவில் நின்று அழுதேன். பெரியம்மா சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார். ஜெயித்த நாளில் இப்படி அநியாயமாக ஒரு பழியைப் போடுகிறாரே என்ற கோபத்தில், அன்று நான் சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.