மட்டிக்கு வலிக்காதா?

போன புதன்கிழமை தியாகதுருகத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம்... ரோட்டின் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரம்.

என் மடியில் ஒரு தூக்குவாளி. அதில் ஏரித் தண்ணீரில் ஐந்து மட்டிகள், அதாவது நன்னீர்ச் சிப்பிகள் — நான் விலங்கியல் வாத்தியார், பிளஸ் டூ பிராக்டிகலுக்குக் கொண்டுபோனேன். பக்கத்து சீட்டில் கோவிந்தன், அறுபது வயது விவசாயி. ஒரு மட்டியை எடுத்து ஓடுகளைப் பிரிக்கப் பார்த்தார். நகம்கூட நுழையவில்லை.

“இப்டியே இறுக்கிக்கினு கெடக்குதே, இதுக்கு வலிக்காதாங்க சார்?”

என் மாணவர்கள் யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. சொன்னேன்: மட்டியின் மூடுதசையில் இரண்டு பகுதி. ஒன்று சட்டென்று மூடும். மற்றது மூடியதைப் பிடித்துக்கொள்ளும். நம் தசை இறுகியிருக்கும் ஒவ்வொரு நொடியும் சக்தியைச் செலவழிக்கிறது, அதனால் களைக்கிறது. மட்டிக்கோ, இழுத்த இழைகள் அங்கேயே ஒன்றையொன்று பற்றி நின்றுவிடும். பிறகு செலவு மிகக் குறைவு. நரம்பு ‘விடு’ என்று சொல்லும்வரை மணிக்கணக்கில் அப்படியே இருக்கும்.

“குடுத்து வெச்சது,” என்றவர், மரத்தை வெட்டி நகர்த்துகிறவர்களோடு சேர்ந்துகொள்ள இறங்கிப் போனார்.

சற்று நேரத்தில் கூச்சல். கிளையை வெட்ட யாரோ ஓங்கிய அரிவாள் நழுவி, கோவிந்தனின் இடது முன்கையில் ஆழமாக இறங்கியிருந்தது. ரத்தம் பீறிட்டது. முன் சீட்டில் வந்த செல்வி — களையெடுக்கப் போகிறவர் — தன் துண்டைச் சுருட்டிவைத்து இரண்டு கையாலும் அழுத்தினார்.

ஆஸ்பத்திரி மூன்று மைல். பஸ் நகராது. நாங்கள் மூவரும் கண்டக்டரும் நடந்தோம்.

கால் மணி நேரத்தில் செல்வியின் விரல்கள் நடுங்கின. “குடும்மா, நான் புடிக்கிறேன்,” என்று வாங்கிக்கொண்டேன். எவ்வளவு நேரம் தாங்கினேன்? எட்டு நிமிடம். தசையைப் பற்றிப் பதினைந்து வருஷமாகப் பாடம் நடத்துகிறவன்.

“வுடுங்க சார், நான் புடிச்சிக்கினு வரேன்,” என்றார் செல்வி. பிறகு கண்டக்டர். மறுபடி நான். மறுபடி செல்வி. அழுத்தம் மட்டும் தளரவே இல்லை.

தையல் போட்ட டாக்டர் வெளியே வந்தார். “விடாம அழுத்திப் பிடிச்சது நல்லதாப் போச்சு, இல்லன்னா ரத்தம் நிறையப் போயிருக்கும். யார் பிடிச்சது?”

செல்வியைக் காட்டினேன். அவர் வலது கை இன்னும் மடங்கியே இருந்தது.

“வெரலு நீள மாட்டேங்குதுங்க,” என்று சிரித்தார்.

“கையக் குடும்மா,” என்றார் கோவிந்தன். கட்டுப் போடாத கையால் ஒவ்வொரு விரலாக நீவி நிமிர்த்திவிட்டார்.

‘நீங்க இன்னா ஆளுங்க?’ என்று ஊரே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்த வாரம் அது. எங்களுக்குக் கேட்க நேரமில்லை — ஆள் மாற்றவே சரியாக இருந்தது.