நாலாவது தோள்

அந்தத் தாள் ஐந்து வாரம் வெறுமையாகவே இருந்தது. நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போவார். அடுத்த புதன்கிழமை வந்ததும் எடுத்து மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் நீவிவிடுவார். ஒரு எழுத்து இருக்காது. பெயர், தொழில், பலம், திறமை என்று நான் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக் கொடுத்த தாள் அது. மடிப்பு விழுந்து விழுந்து கிழியும் நிலைக்கு வந்துவிட்டதே ஒழிய நிரம்பவில்லை. எனக்கு ரத்தம் கொதிக்கும். "என்னண்ணே, இந்த வாரமும் யோசிக்கலையா?" என்பேன். "யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர்" என்பார், பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர் மாதிரி.

அவரை நாங்கள் வெள்ளகவி அண்ணன் என்போம். கொடைக்கானலுக்குக் கீழே, நடந்தே போகவேண்டிய வெள்ளகவி என்ற மலைக் கிராமத்திலிருந்து வந்து, ஒரு விருந்தினர் விடுதியில் தோட்ட வேலை பார்த்தார். விடுதிக்குப் பக்கத்தில்தான் பாயின் சால்வைக் கடை. சுற்றுலாக் கூட்டம் இல்லாத புதன்கிழமை சாயங்காலங்களில், ஸ்வெட்டர் மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவோம். ராட்சசர்களும் மந்திரங்களும் உள்ள உலகம், ஆளுக்கொரு பாத்திரம். பாய் மந்திரவாதி. டாக்சி ஓட்டும் தம்பி திருடன். போகிற ஊரிலெல்லாம் கைவரிசை காட்டி எங்களை மாட்டிவிடுவான். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா வாள்வீச்சுக்காரி. கதை நடத்துவது நான். என்ன நடந்தது என்று நான் சொல்வேன், என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள், பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். எனக்கென்று பாத்திரம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதால் விதிப்புத்தகம் என் கையில்.

வைத்தியர் பாத்திரத்தை எடுத்திருந்த ஐந்தாமவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. அவர் கிளம்பிப் போன வாரமே, ஒரு குகையில் அக்காவின் வாள்வீச்சுக்காரி வயிற்றில் ஈட்டி வாங்கி விழுந்துவிட்டாள். விழுந்து கிடப்பவர் கதைக்குள் கழியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பகடை உருட்ட வேண்டும். மூன்று தடவை தோற்றால் சாவு. அக்கா இரண்டு தடவை தோற்றிருந்தார். மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த பாத்திரம். "அவ செத்தா நான் இனி வரமாட்டேன் டீச்சர்" என்று கண்கலங்கியே சொல்லிவிட்டார். அக்கா இல்லாவிட்டால் எங்கள் புதன்கிழமையும் இல்லை. கொடைக்கானலில் எனக்கு இருந்த ஒரே துணை அந்த இரண்டு மணி நேரம். அதனால் புது வைத்தியர் கிடைக்கும்வரை கதையை அப்படியே நிறுத்தி வைத்தேன். "கதை நடத்துறது நீங்கதானே, குகைக்குள்ள ஒரு வைத்தியரை அனுப்பி விடுங்களேன்" என்றார் பாய். அது அழுகுணி ஆட்டம் என்றேன். என் பிடிவாதம் ஊரறிந்தது.

தினமும் பாயோடு டீ குடிக்க வந்து, புதன்கிழமைகளில் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வெள்ளகவி அண்ணனை இழுத்துப் போட்டது இப்படித்தான். சனியனை விலைக்கு வாங்கினேன் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். முதல் வாரம் அவர் கேட்ட கேள்வி: "இத்தனை நாளா மலையில அலையுறீங்களே, சோறு யாருங்க பொங்குறது?" மூன்று வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. இரண்டாம் வாரம், குகைக்கும் ஊருக்கும் எத்தனை மைல், ஏற்றமா இறக்கமா, வழியில் தண்ணீர் உண்டா என்று கேட்டு என்னை ஒரு படமே வரைய வைத்தார். வீரனாகச் சொன்னால், வெட்டுக்குத்துக்கு நாம ஆளில்லை என்றார். மந்திரவாதி என்றால் பாய் இருக்கிறாரே என்றார். வைத்தியராகச் சொல்லி நாலு பேரும் கெஞ்சினோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்குக் கைராசி இல்லைங்க" என்றார். விளையாட்டில் ஏதண்ணே கைராசி என்று கத்தினேன். அவர் அசையவில்லை. நர்ஸ் அக்கா பெருமூச்சு விட்டார்: "நாள் முழுக்க வார்டுல நோயாளிகளைப் பாத்துட்டு வாரேன். இங்க வந்தா நானே படுத்துக் கெடக்கேன்."

ஆறாம் வாரம், எழுதாத தாளோடு வந்து, "முடிவு பண்ணிட்டேன் டீச்சர்" என்றார். எல்லோரும் நிமிர்ந்தோம்.

"டோலி தூக்குறவன்."

விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு தொழில் இல்லை. இருந்தாலும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். கோபம் வந்தால் புத்தகம் புரட்டுவது என் வழக்கம். கம்பில் கம்பளியைக் கட்டி, அதற்குள் நோயாளியைக் கிடத்தித் தூக்கிப் போகிறவனுக்கு என்ன பலம், என்ன திறமை என்று போடுவது? அவர் நிதானமாகச் சொன்னார்: "வைத்தியரு இங்க வர மாட்டாருன்னா ஆளை வைத்தியரு இருக்குற ஊருக்குக் கொண்டு போகணும். எங்க ஊர்ல அப்படித்தானுங்க." பாய் சிரித்துவிட்டார். ஆறு வாரமாக எங்கள் நாலு பேர் மண்டையிலும் இது ஏறவில்லை.

சரி, ஒழியட்டும், கிளம்புங்கள் என்றேன். கிளம்பவில்லை. விரலை நீட்டி எண்ணினார். பாய், டிரைவர் தம்பி, அவர். மூன்று பேர். "ரெண்டு பேரு தூக்க, ரெண்டு பேரு தோள் மாத்த. நாலு பேரு இல்லாம டோலி எந்திரிக்காதுங்க. ஆள் ஒண்ணு குறையுது." மூன்று பேர் போதும் என்று நான் அனுமதி கொடுத்தேன். தலையாட்டினார், மாட்டேன் என்று. விதியில் நாலு பேர் என்று எங்கும் இல்லை என்றேன். அதற்கும் அதே தலையாட்டல். கையிலிருந்த பென்சிலை வீசி எறிந்தேன். "கதையை நடத்துறது நீங்களா நானா? மூணு பேர் போதும்னா போதும்!"

பென்சில் உருண்டு போர்வை மூட்டைக்கு அடியில் போனது. அவர் குனிந்து எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகுதான் பேசினார், குரலை உயர்த்தாமல்.

"மூணு பேராத்தான் கெளம்புனோம் டீச்சர், என் சம்சாரத்தைத் தூக்கிக்கிட்டு. காப்பிப் பழம் எடுக்குற நேரம், ஊர்ல ஆளில்லை. போயிரலாம்னு நாந்தான் சொன்னேன். தோள் மாத்த ஆளில்லாம எறக்கி வச்சு எறக்கி வச்சுப் போனோம். ஒரு மணி நேரம் வெரசா வந்திருந்தா பொழைச்சிருப்பான்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

நர்ஸ் அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கும் டோலிகளைப் பார்க்கிறவர் அவர். எனக்கு அவமானமாக இருந்தது, சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. இந்த மனிதரை ஆறு வாரமாக மந்தம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு புதுத் தாளை எடுத்தேன். கதை நடத்துகிறவர் கதைக்குள் இறங்கக் கூடாது என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவள் நான்தான். தொழில் என்ற கட்டத்தில் 'தோள் மாற்றுபவள்' என்று எழுதினேன். பெயர் தோன்றவில்லை, விட்டுவிட்டேன்.

"எந்தத் தோள்ல தூக்குவீங்க டீச்சர்?" என்றார்.

இடது என்றேன். போர்டில் எழுதி எழுதி வலது தோளில் வலி. அவர் உடனே வரிசையை மாற்றினார்: நானும் டிரைவர் தம்பியும் முதல் கை, மேடு வந்தால் பாயும் அவரும், நோயாளியின் தலை எப்போதும் மேட்டுப் பக்கம். மூன்று பேரென்றால் இறக்கி இறக்கி வைத்து இரண்டு மணி நேரம், பகடையும் இரண்டு முறை. நாலு பேர் நிறுத்தாமல் போனால் ஒரு மணி நேரம், ஒரே முறை. கணக்கு டீச்சர் போட்ட கணக்கில் அழுகுணி ஏதும் இல்லை. குகையிலிருந்து ஊர்வரை ஒவ்வொரு வளைவையும் அவரே சொன்னார். எந்தப் பாதையைச் சொல்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். கடைசி வளைவில் அக்கா இருபது முகப் பகடையை உருட்டினார். பதினான்கு. பிழைக்கப் பத்தே போதும். அக்கா அழுதார், டிரைவர் தம்பி மேசையைத் தட்டினான், பாய் இன்னொரு டீ சொன்னார்.

அடுத்த புதன் அவர் வரவில்லை. விடுதித் தோட்டத்தில் போய்ப் பிடித்தேன். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அதான் கொண்டு சேத்தாச்சுங்களே டீச்சர். இனி அங்க எனக்கு என்ன சோலி?" ஆறு வாரம் கெஞ்சிச் சேர்த்த மனிதர் ஒரே நாள் விளையாடிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்! திட்டித் தீர்த்துவிட்டு வந்தேன்.

இப்போது அவர் ஊருக்கே திரும்பிவிட்டார். எங்களுக்கு ஒரு வைத்தியரும் கிடைத்துவிட்டார், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண், கெட்டிக்காரி. குழுவுக்கு இன்னும் யார் வேண்டும் என்று போன வாரம் அவள் கேட்டாள். யாரும் வேண்டாம் என்றேன். விதிப்படி என்னை நான் எப்போதோ விலக்கியிருக்க வேண்டும். கதை நடத்துகிறவளுக்குப் பாத்திரம் ஆகாது, எனக்கே அது தெரியும். ஆனால் ஒவ்வொரு புதன்கிழமையும், கதையைத் தொடங்குவதற்கு முன்னால், தூக்கக்கூடியவர்களை ஒரு முறை எண்ணிப் பார்க்கிறேன். என்னையும் சேர்த்துத்தான்.